சுங்கை ஊடாங் காற்று

எனக்கு இழுப்பு வந்துவிட்டால் வீட்டில் ராஜ உபசாரம்தான். பனங்கற்கண்டு போட்ட கஷாயம் வரும். சாய்ந்து உட்காரப் பாயைச் சுருட்டிவைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக மாமா சந்திரக் கதை வாசிப்பார். மூச்சு ஒன்றுதான் கிடைக்காது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

மலாக்காவை அடுத்த புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் இருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் விடியற்காலையில் பால் எடுக்க மரம் சீவப் போய்விடுவார்கள். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி. அவருக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தி, அங்கே வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே கட்டைகளை எரித்து நாள்கணக்கில் புகை போடுவார்கள். வெள்ளையாக உள்ளே போகிற தகடு தேன் நிறத்தில் வெளியே வரும். மாமாவும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டுக்கு மதராஸிலிருந்து கப்பலில் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருந்தது. கிராணியம்மா படித்து முடித்ததும் அதை மாமாவுக்குக் கொடுத்துவிடுவார். அதில் ஒரு தொடர்கதை. ரசாயன வாத்தியார் ஒருவர் தன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அலுமினியக் கப்பலில் சந்திரனுக்குப் போகிறார். போகிற வழியெல்லாம் மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை. மாமா நாலாவதுவரை படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் அடுத்த லயம்வரை கேட்கும். வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் அவர் தோளில் சாய்ந்துகொள்வேன்.

கதை சூடு பிடிக்கிற இடத்தில் என் நெஞ்சும் விசிலடிக்க ஆரம்பிக்கும். அம்மாவுக்குக் கதைமேல்தான் சந்தேகம்.

"சந்திரன் கிந்திரன்னு சொல்லிப் புள்ளையப் பயமுறுத்தாதடா தம்பி. மனசு பதறித்தான் இதுக்கு இழுக்குது" என்பாள்.

மாமா கேட்கமாட்டார். எனக்கு முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு பக்கம் சேர்த்து வாசிப்பார். அவர் வாசிக்க வாசிக்க இழுப்பு கூடும். இழுப்பு கூடக் கூட அவரும் விடாமல் வாசிப்பார்.

சந்திரனில் காற்றே கிடையாது என்றும், அங்கே இறங்குகிறவர்கள் முதுகில் காற்றுப் பை கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றும் ஒரு வாரம் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு வாய்க் காற்றுக்கு நான் இங்கே நாய்ப்பாடு படுகிறேன், இவர்கள் அதை மூட்டை கட்டி எடுத்துப் போகிறார்களே! நெஞ்சு நன்றாக இருக்கிற நாளில் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் முடியாத நாளுக்கு ஆகுமல்லவா? எனக்கும் ஒரு பை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

மாமா மறுப்பவரா? கோதுமை மாவு வந்த துணிப்பையில் மூன்று முறை ரப்பர்ப் பாலைப் பூசினார். மழைக்குப் போர்த்திக்கொள்ளும் துணிக்கு அப்படித்தான் பூசுவார்கள். உறிஞ்சுவதற்குப் பப்பாளி இலைக் காம்பு ஒன்றைப் பையின் வாயில் வைத்துக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். புகை காணாத ரப்பர் எதுவும் உருப்படாது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. எனக்கென்று செய்கிற பை அல்லவா, தரம் குறையக்கூடாது என்று அதையும் தகடுகளோடு தொங்கவிட்டு நாலு நாள் புகை போட்டார்.

பை தேன் நிறத்தில் வந்தது. அவர் வாயால் ஊதப் போனார். நான் விடவில்லை.

"எச்சக் காத்து வேணாம் மாமா. அது நீங்க விட்ட பழசு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு காம்பை அவிழ்த்து, பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேட்டுப் பாதையில் காற்றுக்கு எதிராக ஓடி நிரப்பிக் கொண்டுவந்தார்.

இரண்டு நாள் கழித்து லேசாக இழுத்தது. சந்தோஷத்தோடு காம்பை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் உறிஞ்சினேன். அதற்குப் பிறகு அம்மா அலறியதும், அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வைத்தியம் பார்க்கிற டிரஸர் பையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மாமாவைக் கூப்பிட்டு அவர் சட்டைக் காலரையும் முகர்ந்தார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பெரியவர்கள் எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். பையைப் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். பிடுங்கித்தான் கொண்டார்.

மூன்றாம் நாள் மாமா தகரப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"சுங்கை ஊடாங் தோட்டத்துல வேல கெடச்சிருக்கு குட்டி. பக்கத்துலயே கடலு. அங்க காத்து சுத்தமான காத்து. புதுப் பையில புடிச்சு அனுப்புறேன்."

"அப்ப கதை?"

"கிராணியம்மாகிட்ட வாங்கி நீயே படி."

சந்திரனில் மாப்பிள்ளையின் பை காலியாகிக்கொண்டிருந்த இடத்தில் கதை நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து விட்டுப்போகிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாதம் ஒரு தடவை, மலாக்காவிலிருந்து அரிசி ஏற்றிவரும் லாரியில் பை வந்தது. இது வெயிலில் காயவைத்த பை. வந்து சேரும்போது பாதி தொய்ந்திருக்கும்.

"ஒங்க மாமாவுக்குப் பைத்தியம்தான்லா பாப்பா" என்றார் லாரிக்கார அண்ணன். "கடற்கரையில பையை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு ஓடுறாரு. பின்னாலயே மலாய்க் கம்பத்து ஊர்ப் புள்ளைங்க கூச்சல் போட்டுக்கிட்டு ஓடுதுங்க."

காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய் என்று சிக்கனமாக உறிஞ்சினேன். நம்பினால் நம்புங்கள், எனக்கு இழுப்பு குறைந்தது. நாலாவது பை வந்தபோது ஆற்றங்கரைவரை ஓடிப்போய்த் திரும்பினேன். லயம் முழுக்கக் கடல்காற்றின் மகிமையைச் சொல்லித் திரிந்தேன். கக்குவான் இருமல் வந்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக்கூட ஒரு வாய் தானம் செய்தேன்.

தீபாவளிக்கு மாமா வந்தார். குழாயடியில் குளித்து, அம்மா கொடுத்த புது வேட்டி சட்டையை உடுத்தினார். அப்படியும் படியேறாமல் வாசல் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். கையை நீட்டி, "அங்கயே நில்லு குட்டி" என்றார். போய்ட்டு வாங்க என்று சொல்லாததற்கு இன்னும் கோபம் போலிருக்கிறது என்று எனக்கு அழுகை முட்டியது.

டிரஸர் வராந்தாவில் சொன்னதை அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கே இரண்டு பிள்ளைகள். நான் சாய்ந்துகொண்ட தோளிலும், அந்தச் சட்டையிலும், தலைமுடியிலும் புகை ஊறியிருந்ததாம், இழுப்பைக் கிளப்பியது அதுதானாம். மரம் சீவும் வேலை தரும்படி மாமா கெஞ்சினாராம். ரப்பர் விலை விழுந்து, ஆட்களையே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம், கிடைக்கவில்லை. தோட்டத்துக்குள் வேறு லயத்தில் இருந்தால் கதைக்காக நான் தேடிப் போய்விடுவேன் என்று இருபது மைலுக்கு அப்பால் போனாராம். அங்கேயும் அவருக்குப் புகைவீடுதான்.

அந்தத் தீபாவளியன்று எனக்கு அவரை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும். பலாமரம்வரை ஓடித் திரும்பி வந்து, இழுப்பில்லாத நெஞ்சைத் தட்டிக் காட்டினேன்.

"பாத்தீங்களா? எல்லாம் ஒங்க காத்துதான். மாமா, நீங்க இங்க திரும்பி வந்துடாதீங்க. வந்துட்டா எனக்குக் காத்து யாரு அனுப்புவா?"

அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"வரல குட்டி" என்றார் மாமா. "நான் வரவே மாட்டேன்."

எனக்கு அப்போதுதான் நிம்மதியாயிற்று.