கட்டபெட்டில் ஒரு பிடி உப்பு

கட்டபெட்டில் பேருந்தைவிட்டு இறங்கி, டீக்கடையில் ஒதுங்கி நிற்கிறேன். சாரல் விடவில்லை. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் செடி வெட்டும் வேலைக்கு வந்திருக்கிறேன். என் கையில், மனைவி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த உப்பு.

கடைக்கார அம்மா என் காலைப் பார்க்கிறார்.

“ஏனுங்க, இந்தச் செருப்போட தோட்டத்துக்குள்ள போனா அட்டை உடாதுங்க. உப்பு இருந்தாத் தேச்சுக்குங்க.”

“இருக்கும்மா. ஆனா அவ வந்து, புது வீட்டுல சாமி முன்னால வைக்கணும்னு குடுத்திருக்கா.”

“சாமி பொறுத்துக்குமுங்க, அட்டை பொறுக்காது. ஊட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?”

“புள்ளைகளுக்குப் பரீட்சை முடியணும்.”

“அதுக்குள்ள இந்த ஈரத்துல உப்பே கசிஞ்சு போயிருமுங்க.”

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்துக் கணுக்காலில் தேய்க்கிறேன். அவளும் நானும் ஒரே பாத்தியில் வாரிய உப்பு. மீதியை முடிந்து சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறேன். முருகா, அவள் வந்து அடுப்புப் பற்றவைக்கிற நாள்வரை இது கரையாமல் இருக்கட்டும்.