யோகேஸ் அக்கா விருந்தாளியாக வந்த நாள்

தான் வளர்ந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை எந்த நாளிலிருந்து விருந்தாளி ஆகிறாள்? பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்த ஆண்டுகளில் எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்காத இந்தக் கேள்வியை, என் பத்தாவது வயதில், மழை விடாமல் பெய்த ஒரு பள்ளி விடுமுறை நாளில், எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த ஒரு சிறிய உபசாரம் என் முன் வைத்துவிட்டுப் போனது.

அந்த வீட்டை நினைத்தால் முதலில் வருவது அதன் வாசனை. தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயும் மணம் விடியற்காலையில் பனியோடு சேர்ந்து சரிவில் இறங்கிவந்து சன்னல் இடுக்குகளில் நுழையும். உள்ளே வந்ததும், சுவர்களில் பல காலமாக ஊறிப்போயிருந்த கிருமிநாசினி நெடியோடு கலந்து, இனிப்பும் கசப்புமான வேறொன்றாக மாறிவிடும். ஏனென்றால், ரிங்லெட் என்ற சிறிய மலையூரிலிருந்து தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து ஏறும் தோட்டத்துச் சாலையின் முடிவில் நாங்கள் வாழ்ந்த வீடு, அதற்கு முன் தோட்டத்து மருத்துவமனையாக இருந்தது. காயத்துக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, முடியாதவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் உதவியாளரைத் தோட்டத்தில் ‘டிரஸர்’ என்பார்கள். என் அப்பா அங்கே கடைசி டிரஸர்.

தோட்டத்தில் ஆள் குறைந்து மருத்துவமனை மூடப்பட்டபோது, அப்பா அந்தக் கட்டடத்தை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்றார். பெற்றோர் இறந்துபோன, சிறைக்குப் போன, அல்லது எங்கே போனார்கள் என்றே தெரியாத பிள்ளைகளை நலத்துறை அலுவலகத்தார் எங்களிடம் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். நோயாளிகள் படுத்த இரும்புக் கட்டில்களில் பிள்ளைகள் படுத்தார்கள். நானும் அதே வார்டில், அதே சாம்பல்நிறக் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வளர்ந்தேன். பெற்ற மகள் என்பதற்காக எனக்கு ஒரு தலையணை அதிகமாகக் கிடைத்ததில்லை.

மருத்துவமனைப் பழக்கங்கள் அப்பாவை விட்டுப் போகவேயில்லை. காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். நகம் வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்டுவார். புதிதாக ஒரு பிள்ளை வருவதை ‘அட்மிஷன்’ என்பார். பதினெட்டு வயது நிறைந்து அரசின் கணக்கில் பிள்ளை என்ற இடத்தை இழந்த ஒருவர் வீட்டை விட்டுப் போவது ‘டிஸ்சார்ஜ்’. எங்களுக்குள் சண்டை முற்றினால், “ஒனக்குச் சீக்கிரமே டிஸ்சார்ஜ் லா!” என்று ஏசிக்கொள்வோம், ஏசிவிட்டுச் சிரிப்போம். உடம்பு தேறிவிட்டது, இனி மருந்து வேண்டாம் என்பதே அந்தச் சொல்லுக்கு எங்களைப் பொறுத்தவரை பொருள். அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

நான் பிறப்பதற்கு முன்பே யோகேஸ் அக்கா அங்கு வந்துவிட்டாள். யோகேஸ்வரி என்ற முழுப்பெயரைப் பள்ளிக்கூடத்தில் மட்டுமே கூப்பிட்டார்கள். எட்டு வயதிலேயே என்னை இடுப்பில் சுமந்துகொண்டு தேயிலைச் சரிவெல்லாம் திரிந்தவள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அவள் அடுப்படியை ஆண்டுகொண்டிருந்தாள். “ஏய் பாப்பா, காதுக்குள்ள இவ்ளோ மண்ணு, கோபிஸ் நடலாம் லா,” என்று என் காதைப் பிடித்து இழுத்துத் துடைப்பாள். எங்கள் மலையில் முட்டைக்கோசுக்குக் கோபிஸ் என்றுதான் பெயர். உப்பு விஷயத்தில் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

“இது யார் அடுப்புடீ? ஒன் இஷ்டத்துக்கு அள்ளிப் போடற!”

“அடுப்பு ஒங்களுது, கையி என்னுது. பிடிக்கலன்னா துரை வீட்டுல போய்ச் சாப்பிடுங்க.”

“வாயப் பாரு இவளுக்கு!” என்று அம்மா கரண்டியை ஓங்குவார். இருவரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

பதினெட்டு வயது நிறைந்து அவளுடைய முறை வந்தபோது அப்பா எந்தக் குறையும் வைக்கவில்லை. மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் தெரிந்தவர் ஒருவரின் துணிக்கடையில் வேலை பேசினார். கடைக்கு மேலே, பெண்கள் சேர்ந்து தங்கும் அறையையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புதுப்போர்வை, புதுச்செருப்பு, பெரிய துணிப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தார். புறப்படும்போது அவள் அம்மாவின் தோளைவிட்டு நகராமல் நின்றதைப் பார்த்து, “கொஞ்ச நாளைக்கு இங்க வர வேணாம்மா. வந்து வந்து போனா அங்க மனசு ஒட்டாது. இனிமே நீ சொந்தக் கால்ல நிக்கணும்,” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. ஒரு நோயாளியைக் கைத்தடி இல்லாமல் நடக்கச் சொல்லும் மருத்துவ உதவியாளரின் அக்கறைதான் இருந்தது.

அன்று மாலையே அவளுடைய கட்டிலின் விரிப்பு மாற்றப்பட்டது. நலத்துறை அலுவலகத்தார் பிரியா என்ற ஆறு வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். தாயை இழந்து சில நாள்களே ஆகியிருந்த அவள் யாரோடும் பேசாமல் அந்தக் கட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டாள். நான் அழுதபோது, “கட்டிலக் காலியா வச்சுட்டு இந்தப் புள்ளயத் தரையிலயா படுக்கப் போடச் சொல்ற?” என்று அம்மா கேட்டார். இன்றும் என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. இன்று அந்த நாள்களை எடைபோடும்போது, பிரியாவின் உறக்கத்தை ஒரு தட்டிலிருந்து எடுக்காமல் யோகேஸ் அக்காவுக்கு நியாயம் செய்திருக்கும் வழி எது என்று தேடிப் பலமுறை தோற்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தொலைபேசியில் அழைப்பாள். அப்பாவிடமும் அம்மாவிடமும் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை, “இங்க இருக்கறவளுங்க எல்லாம் லீவு நாளானா வீட்டுக்குப் போயிடுறாளுங்க பாப்பா. நான் ஒருத்திதான். அளவு தெரியாம ஒரு சட்டிச் சோறு வடிச்சிடறேன், யாருக்குக் குடுக்கறதுன்னே தெரியல,” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல், அந்த மழைநாளில் வந்து நின்றாள். தாப்பாவிலிருந்து மலைப்பேருந்தில் ரிங்லெட்டுக்கு வந்து, அங்கிருந்து தோட்டத்துச் சாலையில் நனைந்துகொண்டே ஏறி வந்திருந்தாள். கையில் ஒரு சிறிய கைப்பையைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நலத்துறை அதிகாரிகளும் தோட்டத்துத் துரையும் வரும்போது மட்டுமே வெளியே எடுக்கும் பூப்போட்ட கோப்பையையும் சாசரையும் அலமாரியிலிருந்து எடுத்தார். நாங்கள் யாரும் உட்கார அனுமதியில்லாத பிரம்பு நாற்காலியைத் துடைத்துக் கூடத்தின் நடுவில் போட்டார்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படிக்குத்தான் போனாள். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

“அட, இங்க வந்தும் அடுப்படியா? வேலைக்குப் போற பொண்ணு நீ. உக்காரு, தேத்தண்ணி கலக்கிக் கொண்டாறேன்.”

“நானே கலக்கறேம்மா. இப்ப சமையலுக்கு யாரு கூட நிக்கறா? ஒங்களுக்கு ஒத்தாசைக்கு...”

“அதெல்லாம் நடக்குது, நீ அதப்பத்திக் கவலப்படாத.”

அப்பா உள்ளே வந்தவர் அவளைப் பார்த்ததும் வேண்டுமென்றே கைகூப்பி, “வாங்க மேடம், வாங்க! ஈப்போ எல்லாம் எப்படி?” என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள்; அப்பா உட்காரச் சொன்ன பிறகே உட்கார்ந்தாள். பிஸ்கட் தட்டு நீட்டப்பட்டது. அந்த வீட்டில் அவளிடம் யாரும் அதற்கு முன் எதையும் நீட்டியதில்லை. வேண்டியதை அவளே எடுத்துக்கொள்வாள், எடுத்ததற்குத் திட்டும் வாங்குவாள்.

கதவு வழியே வார்டு தெரிந்தது. அவள் அங்கே பார்ப்பதைக் கவனித்த பிரியா, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, “இது என் கட்டிலு,” என்றாள்.

“ஆமா, ஒன்னுதான்,” என்றாள் அக்கா.

அப்பா எங்களையெல்லாம் கூப்பிட்டு அவள் முன் நிற்கவைத்தார். “பாத்துக்குங்க. யோகேஸ் அக்கா மாதிரி இருக்கணும். யார் கையையும் எதிர்பார்க்காம நிக்குது பாருங்க, அதான் புள்ள,” என்றார். அக்கா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், “தேத்தண்ணி நல்லா இருக்கும்மா,” என்று மட்டும் சொன்னாள்.

மழை சற்று விட்டதும், மறுநாள் அவளுக்கு வேலை இருக்கும், கடைசிப் பேருந்து போய்விடும் என்ற கவலையில் அப்பாவே மோட்டார் சைக்கிளை எடுத்தார். “இருந்துட்டுப் போ” என்று யாரும் சொல்லவில்லை. சொல்வது அவளுடைய வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தோம். அவள் என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், ஏசவில்லை. ரிங்லெட் கடைத்தெருவுக்குச் சற்று முன்பே, “இங்கயே எறக்கி விடுங்கப்பா, ஒரு சாமான் வாங்கணும், நடந்து போய்க்கறேன்,” என்று இறங்கிக்கொண்டாளாம்.

மறுநாள் காலை அப்பா ரொட்டி வாங்கப் போனபோது, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த பாய் அவரை நிறுத்தினார்.

“என்ன டிரஸர், மக மறுபடியும் போயிடுச்சே? நேத்துக் காலையில பெரிய பைய இங்க வச்சிட்டு, ‘வேலைய விட்டுட்டேன் பாய், எங்க வீட்டுக்கே வந்துட்டேன். மழையில தூக்க முடியல, அப்பா மோட்டார்ல வந்து எடுத்துக்குவாரு’னு சிரிச்சிக்கிட்டுச் சொல்லிச்சு. சாயந்தரம் பாத்தா தனியா வந்து பைய எடுக்குது. ‘என்னம்மா’ன்னேன். ‘ஒண்ணுமில்ல பாய், தப்பா வந்துட்டேன்’னுச்சு.”

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன விதத்தை நான் எழுதப்போவதில்லை. அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் மரியாதை பண்றதா நெனச்சேன்,” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றே அப்பா ஈப்போவுக்குப் போனார். ஒரு வாரத்துக்கு முன்பே அவள் வேலையையும் அறையையும் விட்டுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். காரணம் அவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அவளுடைய கைத்தொலைபேசி அணைந்திருந்தது; சில வாரங்களில் அந்த எண்ணே வேறொருவருடையதாகிவிட்டது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். தாப்பா, பீடோர், கம்பார் என்று அவளுடைய புகைப்படத்தைக் காட்டி விசாரித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அலைந்தார். எங்கேயும் அவளைப் பார்த்தவர்கள் இல்லை.

அன்று எங்கள் வீட்டில் யாரும் அவளை வெளியே தள்ளவில்லை. தள்ளியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவளுக்குச் சண்டை போடத் தெரியும். தன்னைக் காட்டிப் பெருமைப்படும் மனிதரிடம், தன்னால் முடியவில்லை என்று சொல்லத்தான் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து நாற்றங்காலில் வளரும் தேயிலைக் கன்றுகளை நட வேண்டிய நாள் நெருங்கும்போது, மேலே போட்ட நிழல்பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிப்பார்கள். ஒரே நாளில் பிரித்தால் வெயில் தாங்காது என்று அந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் தினமும் அந்த வழியாகத்தான் நடந்து போனார்.

இன்று அந்தக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. வார்டு இருந்த இடத்தில் லாலான் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. லயங்களில் கடல் கடந்து வந்த வேறு தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். டிரஸர் என்ற சொல்லைக் கேட்டால் அவர்களுக்குப் புரியாது. பாயும் இறந்துவிட்டார், கடை இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஸ்ட்ராபெரி விற்கிறார்கள். கம்போங் ராஜாவில் ஒரு சிறிய வீட்டில் அம்மா மட்டும் இருக்கிறார். அப்பா போய்ச் சேரும்வரை, அந்த வீட்டு முகவரியை ரிங்லெட்டில் தெரிந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்திருந்தார். யாராவது கேட்டு வந்தால் சொல்ல வேண்டும் என்று. சொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர் இன்று அந்த ஊரில் இல்லை.

நான் இப்போது காப்பகங்களை விட்டு வெளியேறும் இளைஞர்களுக்கு வேலையும் இருப்பிடமும் தேடித்தரும் பணியில் இருக்கிறேன். முதல் நாளிலேயே அவர்களிடம், எப்போது திரும்பி வரலாம் என்பதைத்தான் பேசுகிறேன். எங்கே போகலாம் என்பது அதற்குப் பிறகு.

அந்த மழைநாளுக்குப் பின் எங்கள் வீட்டில் யாரும் ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. மருந்து வைத்திருந்த அறையைக் காலி செய்து அப்பா அதில் ஒரு கட்டில் போட்டார். வெளியே போனவர்கள் எந்த நாளில் வந்தாலும், சொல்லாமல் வந்தாலும், அதில் தங்கலாம் என்றார். வந்தவர்களை அம்மா அடுப்படிக்குத்தான் முதலில் அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டை விட்டுப் போன அத்தனை பேரும் திரும்பி வந்து தங்கிவிட்டுப் போனார்கள். யோகேஸ் அக்கா வரவில்லை.