முட்டை ஓடு பொறுக்கிய மண்

இன்று விருத்தாசலத்தில் ஒரு பொம்மைப் பட்டறைக்குப் போனேன். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு மீன்கொத்தியை என் கையில் வைத்தார். அச்சு அசல்.

"நேர்ல பாத்து வரைஞ்சீங்களா?"

"செல்லுல பாத்துதாங்க. முன்னல்லாம் ஏரிக்கரையில நெறைய இருக்கும். இப்பக் கண்ணுலயே படல."

பக்கத்தில் களிமண் சலித்துக்கொண்டிருந்த அவர் கணவர் நிமிர்ந்தார்.

"கரையைத்தான் மிஷின் வச்சி வெட்டுறாங்களே. இங்க வர்ற அந்த மண்ணோட முட்டை ஓடும் வருதுங்க. ஓடு கலந்தா சூளையில பொம்மை வெடிச்சிடும். அதான் பாத்துப் பாத்துப் பொறுக்கிடுவோம்."

மீன்கொத்தி மண்கரையைக் குடைந்துதான் முட்டையிடும்.

பொம்மையை வாங்கிவந்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டேன். இதோ படம்.

'அழகா இருக்கு' என்று யாரும் கமெண்ட் போட வேண்டாம். உங்க ஊர்க் கரையில் இன்னமும் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். எந்தக் கரை என்று மட்டும் சொல்லாதீர்கள்.