யார் கொடுத்த பணம்

மதேரா என்ற ஊரில் ஆரஞ்சு தரம் பிரிக்கும் ஷெட்டில் ஒப்துலியாவை நம்பாத பெண் கிடையாது. சம்பளத்தன்று ஆளுக்கொரு பங்கை அவள் கையில் கொடுத்துவிட்டு ரசீது கேட்காமல் போவார்கள். அவர்கள் தாந்தா என்று சொல்வது நம் சீட்டுதான். முறை வைத்து ஒவ்வொருத்தியும் மொத்தத்தை எடுப்பாள். பிரசவம், ஊரில் அம்மாவின் சாவு, பிடிபட்ட புருஷனுக்கு வக்கீல் எல்லாம் அதில்தான் நடந்தது. எதையும் எழுதி வைப்பதில்லை. பெயரை எழுதினால் அந்தப் பெயரைத் தேடி ஆள் வருவான் என்ற பயம். எல்லை தாண்டிப் பிழைக்க வந்த பலருக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் இல்லை. ஒப்துலியாவுக்கும் இல்லை. கூரை வேலைக்குப் போன அவள் புருஷனைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பி வருஷங்களாகிவிட்டன.

மகள் நயேலி இங்கே பிறந்தவள். அதனால் கரண்டு, போன், பழைய வேன் எல்லாம் அவள் பேரில்தான். பதினெட்டு வயதானதும் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். பெட்ரோலுக்கு மட்டும் அதைத் தேய்த்து, மாதம் தவறாமல் கட்டினாள்.

"கையில காசு இருக்கறப்ப எதுக்குடி கடன்ல பெட்ரோல் போடறே?"

"கடன் வாங்கிக் கட்டினாதாம்மா நம்மள நம்புவாங்க."

"நல்ல ஊருடி இது! நான் ஒருத்தருக்கும் ஒரு சென்ட் பாக்கி வச்சதில்ல. என்னை எவன் நம்பறான்?"

ஆனாலும் அந்தக் கார்டினால்தான் வீட்டுக் கடனுக்கு வழி பிறந்தது. வாடகை டிரெய்லரில் மழை ஒழுகும் இடத்தில் பானை வைத்தே பழகிய ஒப்துலியா, மகள் வாங்க நினைத்த சின்ன வீட்டைப் பார்க்கப் போன அன்று பின்பக்கத்து எலுமிச்சை மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். வரும்போது இரண்டு பழங்களை சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

முன்பணத்தில் கொஞ்சம் குறைந்தது. மாசக் கடைசி வரைக்கும்தான் கெடு. நயேலி இரண்டாம் ஷிப்டும் போனாள். வீட்டுக்கு வந்ததும் சோளரொட்டியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவாள். ஒப்துலியாவுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தத் தடவை சீட்டு, ஷெட்டில் கூட வேலை செய்யும் சாயோவுக்கு. கேட்டதும் அவள் விட்டுக்கொடுத்தாள். நோட்டுக் கட்டை நயேலியின் கணக்கில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஒப்துலியா அவரைக்கொட்டையை வேகவைத்தாள்.

இரண்டு நாள் கழித்து லோன் ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசி முடித்த நயேலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவு ரொக்கம் எங்கிருந்து வந்ததுன்னு கேக்கறாங்கம்மா. ஏம்மா என்கிட்ட சொல்லாம போட்டே?"

"பெத்த பிள்ளைக்குக் குடுக்க யாரைக் கேக்கணும்?"

"குடுத்தவங்க பேரு வேணுமாம். அவங்க பாங்க் கணக்கும் காட்டணுமாம்."

ஒப்துலியாவுக்கு பாங்கில் கணக்கே இல்லை. ஆனாலும் மறுநாள் கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு மகளோடு லோன் ஆபீசுக்குப் போனாள். ஷெட்டின் மேஸ்திரிக்குக்கூட முழுப்பெயரைச் சொல்லாதவள், பணம் கொடுத்தது தான்தான் என்ற கடிதத்தில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அவர்கள் பாஷையிலேயே மரியாதையாகப் பேசினாள். "சரிங்கம்மா. ஆனா உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"சீட்டுப் பணம்."

"சீட்டு போடறவங்க யார் யாரு?"

ஒப்துலியா கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். நயேலி மெதுவாகக் கூப்பிட்டாள். "அம்மா..."

"என் பேரை எழுதிட்டேன். அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு."

அன்று மாலை சாயோ ஓடிவந்தாள்.

"என் பேரைக் குடுக்கா. அவ்வளவு பெரிய பேரா என்னோடது? எழுதிப்போடு."

"வாயை மூடு. போன குளிர்ல உன் புருஷனைக் கூட்டிட்டுப் போனாங்களே, மறந்திட்டியா? உன் பிள்ளைங்கள யாரு பாப்பா?"

"உன் பொண்ணு வீடு போகுதேக்கா."

"போனாப் போகட்டும்."

அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். திரும்பினால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பெயர்கள் இல்லாமல் கடன் கிடைக்கவில்லை; கெடு முடிந்தது. வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். நயேலி கத்தவில்லை, சண்டை போடவில்லை. பணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று ஒப்துலியாவுக்கு இருந்தது.

கட்டை அப்படியே கொண்டுபோய் சாயோவிடம் கொடுத்தாள். சாயோ வழக்கம்போல எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அந்தத் தெரு வந்தது. புதுக் குடும்பத்துக் குழந்தை ஒன்று எலுமிச்சை மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தது. ஒப்துலியா நிற்காமல் நடந்தாள். அந்த இரண்டு பழங்களும் இன்னும் அவள் ஜன்னலில்தான் இருந்தன. பிழிய மனம் வராமல் வைத்திருந்ததில், தோல் இறுகிக் காய்ந்து போயிருந்தன.