மதுக்கரைப் பாம்பின் புதுச் சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் அட்டெண்டராக இருந்தேன். பத்தாவது வரை படித்தவன். பாம்பு ஜாடிகளில் ஸ்பிரிட் குறைந்தால் ஊற்ற வேண்டும். கையெழுத்து நன்றாக இருந்ததால் பெயர்ச்சீட்டு எழுதுவதும் என் வேலை.

அங்கே மதுக்கரையில் பிடிபட்ட கட்டுவிரியன் என்று ஒரு ஜாடி இருந்தது. அது கட்டுவிரியன் இல்லை என்பது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். கட்டுவிரியனுக்கு நடுமுதுகில் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக இருக்கும். ஸ்பிரிட் மாற்றும்போது விரலால் தடவினாலே தெரிந்துவிடும். இதற்கு அது இல்லை. இது விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன். உடம்பில் வெள்ளைப் பட்டை இருந்ததால் யாரோ ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அடையாளம் சொன்னவர் என்று சீட்டில் இருந்தது ஒரு பேராசிரியரின் பெயர். சொல்லிவிடலாம் என்று பலமுறை பொறுப்பாளர் அறை வாசல்வரை போனேன். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து மாற்றலாகி இன்னொரு அட்டெண்டர் வந்தார். ஏறக்குறைய என் வயதுதான். ஒரே மாதத்தில் வாட்ச்மேன் முதல் பொறுப்பாளர் வரை எல்லோரும் அவரிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். என்னிடம் சாவி கேட்பதோடு சரி. ஒரு நாள் அந்த ஜாடியைத் துடைத்தவர், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேராகப் பொறுப்பாளரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"சார், இது கட்டுவிரியன் இல்லீங்க. எங்க தோட்டத்துல இதை அடிக்கக்கூட மாட்டமுங்க."

ஆறு வருடம் என் தொண்டையில் நின்றதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "வருசாவருசம் கையில எடுக்கறவரு நீங்க. என்ன சொல்றீங்க?"

"கட்டுவிரியன்தானுங்க. நடுமுதுகுல பெரிய செதில் இருக்குதுங்க."

"இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

புது அட்டெண்டர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மதியம், "நாந்தானுங்ண்ணா அவசரப்பட்டுப்போட்டேன்" என்று சிரித்தபடி தன் டப்பாவிலிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட ஒரு கச்சாயத்தை எடுத்து என் டப்பா மூடியில் வைத்தார். சாப்பிட முடியவில்லை. சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் கணபதிப் பகுதியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சருடன் வந்தார்கள். கட்டுவிரியனை எப்படி அடையாளம் காண்பது என்று டீச்சர் கேட்டார். புது அட்டெண்டர் அந்த ஜாடியை எடுத்து, நான் சொன்ன செதிலைப் பற்றி விளக்கினார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "எங்கீங்க? ஒண்ணும் தெரியலீங்களே."

"இருக்குமுங்க. அண்ணன் சொல்லியிருக்காருங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியைத் திருப்பித் திருப்பித் தேடினார். அப்போதும் எல்லோரும் அவரைச் சுற்றித்தான் நின்றார்கள் என்பது எனக்கு உறுத்தியது. ஆனால் இல்லாத செதிலை என் பேச்சை நம்பி ஒரு மனிதர் தேடுவதை அதற்குமேல் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அன்று பொறுப்பாளர் அறைக்குள் போனேன். நான் சொன்னது பொய், புது ஆள் சொன்னதுதான் சரி என்றேன். பொறுப்பாளர் பாம்பைத் தட்டில் எடுத்துப் போட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா சீட்டுல உங்க பேரு வந்திருக்குமுங்க" என்றார்.

பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அது ஜாடிக்குள்ளேயே இருக்கும். சரியான பெயரையும் அதைக் கண்டு சொன்னவர் பெயரையும் புதிதாக எழுதி, அதனுடன் சேர்த்துப் போடுவோம். அதை எழுதும்படி என்னிடமே கொடுத்தார். கீழே என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வார் என்று சற்று நின்றேன். சொல்லவில்லை.

எழுதிக் கொண்டுபோனேன். பொறுப்பாளர் பார்த்துவிட்டு, பாம்பின் பெயர் தெரிகிறது, ஆளின் பெயர் எறும்பு மாதிரி இருக்கிறது, படிக்கும்படி எழுதுங்கள் என்று திருப்பித் தந்தார்.

மறுபடி எழுதினேன். இந்த முறை அந்தப் பெயருக்குரியவரே பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"என் பேரை இத்தனை அழகா ஆரும் எழுதுனதில்லீங்ண்ணா."

மை காயவில்லை, தொடாதீர்கள் என்றேன்.