அம்மாகிட்ட சொல்லாத டீச்சர்

நாத்தனார் வாயால அண்ணியைப் பத்தி நாலு நல்ல வார்த்தை கேட்டிருக்கீங்களா? இருக்காது. இப்பக் கேட்டுக்கங்க, இது அடிக்கடி நடக்கற காரியம் இல்லை.

எங்க அண்ணன் லிப்ட் மெக்கானிக். அண்ணி கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறாங்க. வர்றவங்களை உட்கார வெச்சு, எதிர்ல இருக்கற எழுத்தைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"ன்னு கேக்கற வேலை. ஒரே ஆளு பத்து தடவை மாத்திச் சொன்னாலும் கடையில அவங்களுக்குக் கோபம் வராது. அந்தப் பொறுமையெல்லாம் அங்கயே தீர்ந்துடும்போல. கடையை விட்டு வெளிய வந்தா மூக்குக்கு மேல கோபம். எதிர் வீட்டுல தையல் மெஷினைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கற எனக்கு அவங்க வீட்டுச் சண்டை ஒண்ணு விடாமக் கேக்கும்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. ரேடியோன்னுதான் கூப்பிடுவோம், அப்படி ஓயாத வாய். அந்த ரேடியோ மூணாம் வகுப்பு படிக்கறப்ப திடீர்னு நின்னுபோச்சு. காலையில யூனிபார்மைப் பார்த்தாலே வயித்து வலி. டாக்டர் அமுக்கிப் பார்த்துட்டு வயித்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. ஸ்கூல்ல கேட்டா, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அண்ணி கெஞ்சிப் பார்த்தாங்க, மிரட்டிப் பார்த்தாங்க. "என்னடி ஆச்சு? யாராவது அடிச்சாங்களா?" அவ தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டா. ஒரு நாள் சாக்ஸைக் கையில வெச்சுக்கிட்டு குழந்தை கதவு மூலையில போய் ஒண்டிக்கிச்சு. "போதும்டி. இனிமே வீட்டுலயே நான் பாடம் சொல்லித் தர்றேன்"னு அண்ணி அந்த சாக்ஸைப் பிடுங்கி அலமாரிக்குள்ள போட்டுட்டாங்க.

அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "காரணமே தெரியாம எத்தனை நாளைக்கு வீட்டுல வெச்சுக்க முடியும்? வருஷம் முடியறதுக்குள்ள அவ ஏன் போகமாட்டேங்கறான்னு தெரியணும். தெரியலைன்னா திரும்ப அதே ஸ்கூல்தான்"னு முடிவாச் சொல்லிட்டாரு.

நான் என்ன பண்ணேன்? சிரிச்சேன். கணக்குல தட்டுத் தடுமாறிப் பாஸான ஆளு பாடம் எடுக்கப் போறாங்களாம்! சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்துல நான் நெனச்ச மாதிரியேதான் போச்சு. காலையில கடைக்குப் போறப்ப பொண்ணை என்கிட்ட விட்டுட்டு, மத்தியானம் வந்து பாடம் எடுப்பாங்க. பிரிட்ஜ் மேல கலர் கலரா டைம்டேபிள் ஒட்டினாங்க. வகுத்தல் கணக்கு ஆரம்பிச்ச அன்னிக்கு அவங்களே அதைக் கிழிச்சாங்க. "மண்டையில என்ன களிமண்ணா இருக்கு?"ன்னு இவங்க கத்த, அவ மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துக்க, நான் தையலை அப்படியே போட்டுட்டு ஓட, ஒரே ரகளை. ஒவ்வொரு தடவையும் எல்லாம் அடங்கினப்புறம் என் வீட்டுக்கு வந்து, "எனக்கு வரலை. விட்டுடலாமா?"ன்னு கேப்பாங்க. அந்த முகத்தைப் பார்த்தா எனக்கே கேலி பண்ண வாய் வராது.

அண்ணியோட கண்ணாடிக் கடையில ஒரு வழக்கம் உண்டு. புதுசா வந்த பிரேமை வேலை செய்யறவங்களே போட்டுக்கிட்டு நிக்கணும், பார்க்கறவங்களுக்கு வாங்கத் தோணும்னு. உள்ள லென்ஸ் கிடையாது, வெறும் பிரேம். ஒரு நாள் அண்ணி அதைக் கழட்ட மறந்து வீட்டுக்கு வந்து, அப்படியே கணக்கு நோட்டைத் திறந்துட்டாங்க.

ரேடியோ நிமிர்ந்து பார்த்தா. "நீங்க யாரு?"

ரொம்ப நாளைக்கப்புறம் அவளா வாயைத் திறந்து கேட்ட கேள்வி. அண்ணி மூக்கைத் தொட்டுப் பார்த்தாங்க, பிரேம் இருந்துச்சு. என்ன தோணுச்சோ, "நான் புது டீச்சர். உங்க அம்மா இல்லையா?"ன்னாங்க.

"வேலைக்குப் போயிருக்காங்க."

"அவங்க வர்றதுக்குள்ள ரெண்டு கணக்கு போட்டுடலாமா?"

அடேங்கப்பா, அந்தக் குரலைக் கேக்கணுமே! அப்படியே கடைக் குரல். "இது சரியா வருதா, முன்னாடி போட்டது சரியா வந்துச்சா?" குழந்தை அழிச்சு அழிச்சுப் போட்டா. பேப்பர் ஓட்டையாச்சு. அண்ணி பொறுமையா அடுத்த பக்கத்தைத் திருப்பினாங்க. வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்த என்னால நம்பவே முடியலை.

முதலாளிகிட்ட கேட்டு பழைய பிரேம் ஒண்ணை வாங்கிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் தினம் மத்தியானம் இதே கூத்துதான். வீட்டை விட்டு வெளிய வந்து, மாடிப்படிகிட்ட நின்னு பிரேமைப் போட்டுக்கிட்டு, சொந்த வீட்டு பெல்லையே அடிப்பாங்க. ரேடியோ கதவைத் திறந்து "வாங்க டீச்சர்"ம்பா. அம்மான்னா நீ, வா, போ. டீச்சர்னா வாங்க, போங்க. அதுல ஒரு நாளும் தவறினதில்லை.

ஒரு தடவை அவ வீட்டுப்பாடம் எழுதலை. "நாளைக்கு உங்க அம்மாவைக் கூட்டிட்டு வா"ன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. மறுநாள் நான் மெஷினை மூடி வெச்சுட்டுப் போய் முன்வரிசையில உட்கார்ந்துட்டேன், விடுவேனா?

அண்ணி பிரேமைப் போட்டு, "உங்க பொண்ணு வீட்டுப்பாடமே எழுதறதில்லை." கழட்டி, எதிர் நாற்காலிக்குப் போய், "என்ன டீச்சர் பண்றது, சொன்ன பேச்சு கேக்கறதில்லை." மறுபடி போட்டு, "நீங்க வீட்டுல ரொம்பக் கத்தறீங்களாமே?" கழட்டி, "யாரு சொன்னா? நானா? நான் கத்துவேனா?"ன்னு ஒரு கத்து கத்தினாங்க பாருங்க! ரேடியோ விழுந்து விழுந்து சிரிச்சா. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம் ஆச்சு! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

ஆனா அண்ணன் கேட்ட காரணம் மட்டும் தெரியலை. வருஷமும் முடியப் போகுது. அண்ணிக்குச் சோறு இறங்கலை.

அன்னிக்கு அவங்க வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்க நான் ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டிருந்தேன். பாடம் நடந்துக்கிட்டிருந்துச்சு. ரேடியோ பென்சிலைக் கீழ வெச்சா.

"டீச்சர், ஒண்ணு சொன்னா எங்க அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"என் தண்ணி பாட்டில் தொலைஞ்சதுக்கு எங்க அம்மா ஸ்கூலுக்கு வந்து மிஸ்ஸோட சண்டை போட்டாங்க. கிளாஸே பார்த்துச்சு. அதுக்கப்புறம் நான் எது பேசினாலும் எல்லாரும் அம்மா மாதிரியே கத்திக் காட்டறாங்க. ஒரு நாள் மிஸ்ஸும் சிரிச்சுட்டாங்க."

"இதை ஏன் அம்மாகிட்ட சொல்லலை?"

"சொன்னா திரும்பவும் வந்து சண்டை போடுவாங்க. இல்லைன்னா அழுவாங்க. பாவம் டீச்சர், எங்க அம்மா."

பாட்டிலுக்கே அந்தப் பாடு படுத்தினவங்க, இதுக்கு அந்த ஸ்கூலையே இடிச்சுட்டு வருவாங்களேன்னு பயந்தேன். அண்ணி பிரேமைக் கழட்டலை.

"என்கிட்ட சொன்னியே, அது நல்லது. வேற ஸ்கூல்னா போவியா?"

அவ பென்சிலைத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டா. "அம்மா சண்டை போடலைன்னா போவேன்."

"சரி. மிச்சக் கணக்கைப் போட்டுடலாமா?"

மிச்சக் கணக்கையும் போட வெச்சுட்டுத்தான் எழுந்தாங்க. என்ன மனசு அது! நான் பின்னாடியே போனேன். மாடிப்படியில உட்கார்ந்து, பிரேமைக்கூடக் கழட்டாம, லென்ஸ் இல்லாத ஓட்டைக்குள்ள விரலை விட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க.

"எல்லாம் என் வாயால வந்தது. அவளுக்காகத்தான் சண்டை போட்டேன்."

"உள்ள போய் அவளைக் கட்டிப் பிடிச்சு அதைச் சொல்லுங்க அண்ணி."

"எப்படிச் சொல்லுவேன்? அம்மாவுக்கு விஷயமே தெரியாதே. டீச்சர் சத்தியம் பண்ணியிருக்காங்க."

என் வீட்டுல பிரேமைக் கழட்டி வெச்சு முகத்தைக் கழுவிக்கிட்டு, அவங்க வீட்டுக்குப் போய், "என்னடி, டீச்சர் என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. "ஒண்ணும் சொல்லலை"ன்னா ரேடியோ. "சரி, சாப்பிட வா"ன்னாங்க. நானா இருந்தா எல்லாத்தையும் கொட்டித் தீர்த்திருப்பேன். அண்ணன்கிட்டயும், "காரணம் தெரிஞ்சுடுச்சு. என்னன்னு கேக்காதீங்க, வேற ஸ்கூல் பாருங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. அவரும் முகத்தைப் பார்த்துட்டுக் கேக்கலை.

புது ஸ்கூல்ல முதல் பெற்றோர் கூட்டம். அண்ணனுக்கு டியூட்டி, அதனால நான் துணைக்குப் போனேன். நாலு பேருக்கு நடுவுல புது மிஸ் சொன்னாங்க: "வீட்டுல வெச்சு என்னதான் சொல்லிக் குடுத்தீங்களோ, அடிப்படையே சரியில்லை."

எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. ரேடியோ மேஜை ஓரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அவங்க அம்மா வாயையே பார்த்துக்கிட்டு நின்னா. அண்ணிக்கு மூக்கு சிவந்துச்சு. பையைத் திறந்து துழாவினாங்க. அந்தப் பழைய பிரேமை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"சரிங்க மிஸ். எந்தக் கணக்குல தடுமாறுறான்னு காட்டுங்க, வீட்டுல பார்த்துக்கறேன்."

லென்ஸ் இல்லாத கண்ணாடியை அந்த மிஸ் உத்து உத்துப் பார்த்துட்டு, ஒண்ணும் புரியாம நோட்டைத் தேடி எடுத்தாங்க.

கேட்டைத் தாண்டினதும் அண்ணி பிரேமைக் கழட்டிப் பைக்குள்ள போட்டாங்க. ரேடியோ மெதுவாக் கேட்டா. "அம்மா, டீச்சர் உன்கிட்ட சொல்லிட்டாங்களா?"

"எந்த டீச்சர்? என்ன சொல்லணும்?"

ரேடியோ நிமிர்ந்து அவங்க முகத்தைப் பார்த்தா. "ஒண்ணுமில்லை"ன்னு சொல்லிட்டு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் ஆரம்பிச்சா பாருங்க! பக்கத்துல உட்கார்றது யாரு, யாருக்குப் பல்லு விழுந்துச்சு, யாரு யாரோட பேசறதில்லைன்னு, தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி ஒரே பேச்சு.

"தலை வலிக்குது. யாராவது இந்த ரேடியோவை நிறுத்துங்களேன்"ன்னேன்.

"பாடட்டும், விடு"ன்னாங்க அண்ணி.