தேயிலைத் தோட்டத்தில் ஒரு படகு

போன சனிக்கிழமை மதியம், ஐந்து பேர் இருந்த ஒரு பாய்மரப் படகை, இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பயப்படாதீர்கள். படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்குச் சென்னைக்குக் கிழக்கே, வங்காள விரிகுடாவில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் நின்றது வரைபடத்தில். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, “நாம இங்கதான் இருக்கோம்” என்று அறிவித்தவன் அடியேன்.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

இரண்டு மாதம் முன்பு இதே பக்கத்தில் ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். நினைவிருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போனில் மேப் இல்லாவிட்டால் காந்தி ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் தெரியாது... நம் முன்னோர்கள் வானத்தைப் பார்த்தே கடலைக் கடந்தார்கள்... இப்படியெல்லாம். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. “சார், எனக்கு சொந்த ஊர் வாலாஜாபாத். இருபது வருஷம் கப்பல்ல இருந்தேன். இப்போ சின்னப் படகு வெச்சி ட்ரெய்னிங் குடுத்துக்கினு இருக்கேன். நீங்க எழுதின மாதிரியே வானத்தைப் பார்த்துப் படகு ஓட்ட மூணு நாள் கிளாஸ் இருக்குது. உங்க பேரை எழுதிக்கட்டுமா? இப்படிக்கு, கேப்டன் எஸ்தர்.”

எவ்வளவு பணிவு பாருங்கள்! இவ்வளவு மரியாதையாக ஒருவர் கூப்பிட்டால், முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது என்று புரிய வேண்டாமா? புரியவில்லை. உடனே சரி என்று பதில் போட்டுவிட்டேன்.

இந்த வித்தைக்கு முக்கியமான கருவி செக்ஸ்டன்ட். கையில் பிடித்துக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, மேலே இருக்கிற சூரியனைக் கீழே இறக்கி, கடல் விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்கார்ந்ததும், சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது என்று கருவியில் படித்துக்கொள்ளலாம். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால் சூரியன் பிடிவாதக் குழந்தை மாதிரி, உட்கார் என்றால் எழுந்து ஓடுகிறது.

பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி, செவிலிமேட்டில் என் வீட்டு மாடியில் பயிற்சியை ஆரம்பித்தேன். ஒரு சிக்கல்... காஞ்சிபுரத்தில் கடல் விளிம்புக்கு எங்கே போவது? எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம், இல்லாவிட்டால் தண்ணீர் டேங்க், இல்லாவிட்டால் செல்போன் டவர். இதற்கும் புத்தகத்தில் வழி சொல்லியிருந்தார்கள். ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி வைத்து, அதில் தெரியும் சூரியனை வைத்து அளக்கலாமாம்.

தாம்பாளத்தில் நல்லெண்ணெயை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த நாகராஜன் எட்டிப் பார்த்தார். தறி வைத்திருப்பவர், நல்ல மனிதர்.

“என்னா சார், சனிக்குப் பரிகாரமா?”

“இல்லீங்க, அட்சரேகை பார்க்கறேன்.”

“அது எந்தக் கோயில்ல சார்?”

விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை கையில் ஒரு கிண்ணம் எண்ணெயோடு என் வீட்டு வாசலில் நின்றார். “எனக்கும் ஏழரை நடந்துக்கினு இருக்குது சார். உங்க கூடவே பார்த்துடறேன்.” முகத்தை எண்ணெயில் பார்த்துக்கொண்டு, என் பயிற்சிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

இந்த லட்சணத்தில் வெள்ளிக்கிழமை படகேறினேன். முதல் இரண்டு மணி நேரம் நான் பார்த்தது வானத்தை அல்ல, ஒரு நீல நிற பிளாஸ்டிக் வாளியை. காலை இட்லி, முந்தின நாள் தோசை, எல்லாம் வரிசையாக விடைபெற்றுக்கொண்டன.

எஸ்தருக்கு ஐம்பதைத் தொடும் வயது. அதிகம் பேச மாட்டார். ஜி.பி.எஸ். திரை மேல் ஒரு பூப்போட்ட துண்டைப் போட்டு மூடினார். “இனிமே இதை நான் மட்டும்தான் பார்ப்பேன்” என்றார். பயிற்சிக்கு வந்தவர்கள் நான்கு பேர். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கு ஒரு தாள் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் சூரியனை அளந்து, படகு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதுதான் பரீட்சை. சரியாக இருந்தால் இரண்டு பேருடைய சான்றிதழிலும் கையெழுத்துப் போடுவார்.

எனக்கு ஜோடியாக வந்தவள் பவித்ரா. ஏனாத்தூர்ப் பெண், இருபத்து நான்கு வயது. டிகிரி முடித்து, ஒன்றரை வருடம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்து, கடலில்தான் வேலை பார்ப்பேன் என்று அதை விட்டுவிட்டு வந்தவள். அந்தமானுக்குப் போகும் ஒரு பாய்மரப் படகில் வேலை தயாராக இருந்தது. எஸ்தருடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“கையெழுத்து கெடைக்கலன்னா திரும்பவும் கம்பெனி பஸ்ஸுதான் சார். வீட்ல சொல்லிட்டாங்க” என்றாள்.

எனக்குச் சான்றிதழ் எதற்கு? கூடத்தில் மாட்டுவதற்கு. அவளுக்கு அது பிழைப்பு. இந்த வித்தியாசம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் பவித்ரா செக்ஸ்டன்டைப் பிடித்தாள். நான் பென்சிலைப் பிடித்தேன். “கணக்கு நான் போடறேன்மா, நமக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு.” கரையிலிருந்து எவ்வளவு கிழக்கே வந்திருக்கிறோம் என்று காலையிலேயே குறித்துவிட்டோம். வடக்கே எத்தனையாவது டிகிரியில் இருக்கிறோம் என்பதுதான் பாக்கி. உச்சியில் சூரியனின் உயரத்தைத் தொண்ணூறிலிருந்து கழிக்க வேண்டும். அன்றைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருந்தால் அந்த டிகிரியைக் கூட்ட வேண்டும், தெற்கே இருந்தால் கழிக்க வேண்டும். வடக்கா தெற்கா என்று அல்மனாக் புத்தகத்தில் தேதிவாரியாகப் போட்டிருக்கும். மூன்று டிகிரி சொச்சம், N என்று பவித்ரா பார்த்துத் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

நான் அந்த N-ஐ அடித்துவிட்டு S என்று எழுதினேன்.

“சார்... புக்ல N-னுதான் போட்டிருக்குது.”

“இது பங்குனி மாசம்மா. சூரியன் மீனத்துல இருக்கான். சித்திரை ஒண்ணாம் தேதி மேஷத்துக்கு வந்தாத்தான் ரேகையைத் தாண்டி வடக்கே வருவான். அது வரைக்கும் தெற்குதான். புக்ல அச்சுப் பிழை. பஞ்சாங்கத்துல ஊறின ஊரும்மா நம்முளுது, எனக்குத் தெரியாதா?”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என் நரைத்த தலையைப் பார்த்தாள். “சரி சார்” என்றாள்.

ஆஹா! அந்த ‘சரி சார்’ காதில் தேனாகப் பாய்ந்தது. கூட்ட வேண்டியதைக் கழித்தேன். பெருக்கல் குறியைப் போட்டேன்.

எஸ்தர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

“டீத்தூள் வாங்கிக்கினு வந்துடலாமா சார்? தோட்டத்துக்கு நடுவுலதான் நிக்கறோம்.”

“கடல் நீரோட்டம் இழுத்திருக்கும்” என்றேன்.

“மலை மேலயா?”

பிறகு நிதானமாக விளக்கினார். “நம்ம பஞ்சாங்கம் ராசியை நட்சத்திரத்தை வெச்சி எண்ணுது. சூரியன் ரேகையைத் தாண்டறது வேற கணக்கு. அது பங்குனி ஆரம்பத்துலயே தாண்டிடுச்சி. ரெண்டுக்கும் நடுவுல இருபத்து நாலு நாள் வித்தியாசம் இருக்குது. பஞ்சாங்கமும் தப்பில்ல, புக்கும் தப்பில்ல. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கலக்கினதுதான் தப்பு.” ஏறக்குறைய நானூறு கடல் மைல் தப்பு!

தாளை எடுத்துப் பார்த்தார். “N-ஐ அடிச்சது யாரு?”

“ரெண்டு பேரும்தான் மேடம்” என்றாள் பவித்ரா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கெல்லாம் வாராவாரம் உபதேசம் செய்கிற வாய், அந்த நேரம் பார்த்துப் பூட்டிக்கொண்டது.

“அப்போ ரெண்டு பேருக்கும் கையெழுத்து கெடையாது” என்றார் எஸ்தர்.

பவித்ரா படகின் முன்பக்கம் போய், ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்ட ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகள் வயதுப் பெண், என் தப்பைப் பாதி தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

கால் மணி நேரம் கழித்து எழுந்து எஸ்தரிடம் போனேன். “அடிச்சது நான்தாங்க. அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருந்தது. அதுக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க.”

“எனக்குத் தெரியும் சார். அதுக்காகத்தான் போடலை.”

“இது என்னங்க நியாயம்?”

“தெரியாம தப்பு பண்றவங்களுக்கு நான் சொல்லிக் குடுத்துடுவேன். தப்புன்னு தெரிஞ்சிக்கினே ‘சரி சார்’னு சொல்றவளை எப்படிக் கடலுக்கு அனுப்பறது? நேரா பாறை இருக்குது, கேப்டன் பார்க்கலை. இவ மரியாதை குடுத்துக்கினு நின்னா எல்லாரும் காலி. அவகிட்டயும் இதையேதான் சொன்னேன்.” வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். “நாளைக்கு மதியம் ஒரு சான்ஸ் தரேன். நீங்களேதான் பார்ட்னர்.”

“இனிமே நான் வாயே திறக்கலைங்க.”

“அய்யோ, வேணாம் சார். நீங்க எப்பவும் போலவே இருங்க.”

ஞாயிற்றுக்கிழமை. பவித்ரா கையில் செக்ஸ்டன்ட். நான் கடிகாரத்தோடு பக்கத்தில். இன்றைக்குத் தப்பே செய்யக்கூடாது என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். சத்தியம்! சரியாகப் பன்னிரண்டு மணி ஆனது.

“உச்சி ஆயிடுச்சிம்மா. போதும், அளவைப் படி.”

அவள் கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

“இல்ல சார்.”

“பன்னண்டு ஆயிடுச்சேம்மா. கோயில்ல உச்சிகால பூஜையே முடிஞ்சிருக்கும்.”

“கடியாரத்துக்குத்தான் பன்னண்டு சார். சூரியன் இன்னும் ஏறிக்கினு இருக்குது. நீங்க சொல்றது தப்பு. கொஞ்ச நேரம் சும்மா இருங்க சார்!”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பெண். சுக்கான் பக்கம் நின்ற எஸ்தர், எதுவும் காதில் விழாத மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்தேன்.

பன்னிரண்டு பதிமூன்றுக்குத்தான் சூரியன் ஏறுவதை நிறுத்தியது. அவளே அளவைப் படித்தாள், அவளே கணக்குப் போட்டாள். இடையில் ஒரு தடவை உதவலாமே என்று பென்சிலுக்குக் கை நீட்டினேன். “வேணாம் சார்” என்று தள்ளி வைத்துவிட்டாள். பெருக்கல் குறி கடலில் விழுந்தது. எஸ்தர் பூப்போட்ட துண்டை விலக்கிப் பார்த்தார். மூன்று மைல் வித்தியாசம். படகிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அவளுக்கு மட்டும்.

கரை இறங்கியதும் பவித்ரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்.”

“நான் என்னம்மா செஞ்சேன்?”

“வேற யாராவது ஜோடியா வந்திருந்தா கணக்கு சரியா போட்டிருப்பாங்க சார். அப்புறம் நான் யாரைச் சும்மா இருங்கன்னு சொல்லி பாஸ் ஆயிருப்பேன்?”

இத்தனை வருடம் பத்தி எழுதுகிறேன். நான் வாயை மூடியதால் ஒருவருக்கு வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை!